காத்திருப்பின் கெடு

முள்ளியவளை எங்கே முடிந்து தண்ணீரூற்று எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரனால் சொல்ல முடியாது. அந்தத் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டிப் பக்கங்களில் வாழ்ந்த முஸ்லிம்கள் 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். வட மாகாணம் முழுவதிலுமாக 70,000 பேருக்கும் மேல். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் 2 மணித்தியாலம். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் அதற்கு வருத்தம் தெரிவித்தார்.

அடுத்த ஆண்டே, 2003இல், பிரசன்ன விதானகேயின் 'இர மதியம' வந்தது. சிங்களப் படம். எங்கள் வெளியேற்றத்தைத் திரையில் முதலில் நான் பார்த்தது அதில்தான். நம்மவர் எவரும் அதற்கு முன் ஏன் எடுக்கவில்லை என்ற கேள்வியை இங்கே கிளறவில்லை.

படத்தில் மூன்று கதைகள். விடுமுறையில் வரும் சிப்பாய் அநுராதபுரத்து விடுதியொன்றில் தன் தங்கையைக் காண்பது ஒன்று. அது என் மனதில் அவ்வளவாக ஒட்டவில்லை. மற்ற இரண்டும் விட்டுப் பிரிதல் பற்றியவை. போரில் காணாமற்போன விமானியின் மனைவி சாமரி, அவன் உயிரோடிருப்பான் என்று வடக்கு நோக்கி வருகிறாள். ஊரோடு வெளியேற்றப்படும் சிறுவன் அரபாத், தன் நாயை விட்டுப் போக மறுக்கிறான். அவள் உள்ளே வரத் துடிக்கிறாள். அவன் வெளியே தள்ளப்படுகிறான்.

விதானகே இதே விடயத்தை முன்னரும் தொட்டவர். 1997இல் எடுத்த 'புர ஹந்த களுவர'வில், கண் தெரியாத வன்னிஹாமி தன் சிப்பாய் மகன் இறந்துவிட்டான் என்பதை ஏற்கமாட்டார். மண்ணைத் தோண்டிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே மகன் இல்லை. 2000இல் அரசு அதன் திரையிடலைத் தடுத்தது. உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போய், 2001இல்தான் மக்கள் பார்க்கக் கிடைத்தது.

இந்தப் படங்களைப் பற்றிப் பேசுவோர் நிலையாமை, பற்றறுத்தல் என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. உலகம் அழியக்கூடியது என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜனாஸாவைக் குளிப்பாட்டி, தொழுவித்து, கபுறில் ஒரு பிடி மண் போடுகிறவன் அதைக் கையாலேயே அறிகிறான். ஆனால் ஜனாஸாவே இல்லாதவள் எதன்மீது மண் போடுவாள்?

நம் ஃபிக்ஹு நூல்கள் இந்தக் கேள்வியிலிருந்து ஒதுங்கவில்லை. காணாமற்போனவனை அவை 'மஃப்கூத்' என்கின்றன. அவனுடைய மனைவி 4 ஆண்டுகள் காத்திருந்து, பின்னர் கைம்பெண்ணுக்குரிய 4 மாதம் 10 நாள் இத்தா இருக்க வேண்டும் என்பது உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பாகப் பதிவாகியுள்ளது. மாலிக்கி மத்ஹபு அதை எடுத்துக்கொண்டது. இமாம் ஷாஃபியின் பழைய கருத்தும் அதுவே. பிந்திய கருத்தோ மரணம் உறுதியாகும்வரை காத்திருக்கச் சொல்கிறது. இளம் வயதில் இரண்டாவது கருத்தைக் கடுமையானது என்று நினைத்தேன். சாமரியைப் பார்த்தபின் அப்படிச் சொல்ல நாக்கு எழவில்லை. அவளுக்குக் கெடு விதித்தாலும் அவள் காத்திருப்பாள்.

2009க்குப் பிறகு இதே முல்லைத்தீவு மண்ணில் எத்தனையோ தமிழ்ப் பெண்கள் அவளைப் போலானார்கள். 2017 மார்ச்சில் வீதியோரத்தில் கொட்டில் போட்டு உட்கார்ந்தார்கள். மரணச் சான்றிதழ் வேண்டாம், பதில் வேண்டும் என்றார்கள். அவர்களிடம் போய் நிலையாமை பேச எனக்குத் தைரியமில்லை.

போர் முடிந்தபின் தண்ணீரூற்றுக்குத் திரும்பிவந்த ஒரு பெரியவரோடு ஒருநாள் அவருடைய பழைய வளவைப் பார்க்கப் போனேன். காடு மண்டிக் கிடந்தது. கிணற்றுக்கட்டு மட்டும் தெரிந்தது. பேச்சோடு பேச்சாக அரபாத்தின் கதையைச் சொன்னேன். வீட்டைப் பற்றி, காணியைப் பற்றி அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. அல்லாஹ் தந்தான், அல்லாஹ் எடுத்தான் என்றார். பின்னர் கிணற்றடியில் நின்றுகொண்டு கேட்டார்:

"தம்பி, எங்கட மாடு இந்தப் பக்கம்தான் கட்டிக் கிடந்தது. வெளிக்கிடேக்க அவிழ்த்து விட்டனானோ இல்லையோ எண்டு இன்னும் எனக்கு நினைவு வருகுதில்லை."