பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் பெயர் தந்த பிரபு

பழவேற்காடு ஏரியில் வலை போடும் மீனவர்களுக்கு பக்கிங்ஹாம் கால்வாயைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏரியின் கிழக்கு ஓரமாகத்தான் அது போகிறது. ஆனால் பக்கிங்ஹாம் யார் என்று கேட்டால் நம்மில் பலருக்கு லண்டன் அரண்மனைதான் நினைவுக்கு வரும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அது 1875 முதல் 1880 வரை சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த ஒரு பிரபுவின் பட்டம்.

பக்கிங்ஹாம் மற்றும் சாண்டோஸின் மூன்றாம் டியூக்கான இவர் பிறந்தது 1823-ல். சொந்தப் பெயர் ரிச்சர்ட். குடும்பப் பெயரோ டெம்பிள், நியூஜென்ட், பிரிட்ஜஸ், சாண்டோஸ், கிரென்வில் என்று ஒரு ரயில் வண்டி நீளம்! பெயர்தான் பெரிது, கையில் காசு இல்லை. அப்பா பத்து லட்சம் பவுனுக்கும் மேல் கடன் வைத்தார். 1848-ல் ஸ்டோவ் மாளிகையில் இருந்த பொருட்களை 40 நாட்கள் ஏலம் விட்டார்கள். அப்போது மகனுக்கு 25 வயதுகூட ஆகவில்லை.

அதனாலோ என்னவோ, இவர் மற்ற பிரபுக்களைப் போல் சும்மா இருக்கவில்லை. 1846-லிருந்து 1857 வரை நாடாளுமன்ற உறுப்பினர். 1853-ல் ஒரு பெரிய ரயில்வே கம்பெனிக்குத் தலைவரானார். 1861-ல் டியூக் பட்டம் வந்தது. கன்சர்வேட்டிவ் கட்சிக்காரரான இவர் 1867-ல் காலனிகளின் அமைச்சரானார். கனடா ஒரே கூட்டாட்சியாக உருவானது அந்த வருடம்தான், ஆனால் அதற்கான வேலையை முடித்தவர் இவருக்கு முன்பு அந்தப் பதவியில் இருந்தவர்.

சென்னைக்கு வந்த மறு வருடமே மழை பொய்த்தது. 1876-78 பஞ்சத்தை தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். பக்கிங்ஹாம் அரசு செலவில் 30,000 டன் தானியம் வாங்கினார். வைஸ்ராய் லிட்டனுக்கு அது பிடிக்கவில்லை. தானிய வியாபாரத்தில் அரசு தலையிடக் கூடாது, செலவைக் குறைக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. 1877 ஜனவரியில் சர் ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினார். நிவாரண வேலை செய்யும் ஒரு ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்றார் டெம்பிள். ஒரு பவுண்டு என்பது அரை கிலோகூட இல்லை! மண் வெட்டி மண் சுமக்கும் ஆளுக்கு இது எப்படிப் போதும்? மாகாண சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். சில மாதங்கள் கழித்துத்தான் கூலி கூட்டப்பட்டது.

இங்கேதான் பக்கிங்ஹாமை எடைபோடுவது கஷ்டமாக இருக்கிறது. தானியம் வாங்கத் துணிந்தவர், கூலியைக் குறைத்தபோது ஒத்துக்கொண்டார். பின்பு 1877 ஆகஸ்டில் லண்டன் மேயருக்குத் தந்தி அனுப்பி உதவி கேட்டார். அங்கே லட்சக்கணக்கான பவுன் வசூலானது. அதற்குள் பல லட்சம் பேர் செத்துப்போயிருந்தார்கள். என்னைக் கேட்டால், லிட்டனைவிட இவர் நல்லவர். ஆனால் முதலில் காட்டிய துணிச்சலைக் கடைசிவரை காட்டவில்லை.

கால்வாய் இவர் காலத்துக்கு முன்பே இருந்தது. பேசில் காக்ரேன் என்பவர் 1806 வாக்கில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டினார். பிறகு அது பழவேற்காடு வரையும், அதைத் தாண்டி ஆந்திரக் கரை வரையும் நீண்டது. சென்னைக்குள் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே சுமார் 8 கிலோமீட்டர் மட்டும் இணையாமல் கிடந்தது. பஞ்சத்தில் பிழைக்க வந்தவர்களை வைத்து 1877-78-ல் அந்தத் துண்டை வெட்டினார்கள். செலவு சுமார் 30 லட்சம் ரூபாய். 1878-ல் முழுக் கால்வாய்க்கும் கவர்னரின் பெயரை வைத்தார்கள். பழவேற்காட்டுக் கரைக்கு அந்தப் பெயர் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

பக்கிங்ஹாம் 1880-ல் ஊர் திரும்பினார், 1889-ல் இறந்தார். மூன்றும் பெண் பிள்ளைகள் என்பதால் டியூக் பட்டம் அவரோடு முடிந்துவிட்டது. கால்வாயில் படகுகள் அதற்குப் பிறகும் வெகுகாலம் ஓடின. ஸ்ரீஹரிகோட்டா சவுக்கு விறகும் சுண்ணாம்புக்கான கிளிஞ்சலும் அதில்தான் சென்னைக்குப் போயின. 1965, 1966 புயல்களில் கால்வாய் பல இடங்களில் பாழானது. அதன் பிறகு மண் மூடத் தொடங்கியது.