ஒரு பெட்டித் தபாலில் பிறந்த ஏர் இந்தியா

ஏர் இந்தியா அரசாங்கம் ஆரம்பிச்ச கம்பெனின்னு நினைச்சுட்டு இருக்கீங்களா நண்பர்களே?

1932 அக்டோபர் 15. கராச்சியிலிருந்து ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஜே.ஆர்.டி. டாட்டா கிளம்புகிறார். பயணிகள் கிடையாது, சுமார் 25 கிலோ தபால் மட்டும். வெளிநாடு போகும்போது நாம கொண்டுபோற ஒரு பெட்டி எடைதான்! பம்பாய் வரை அவர் ஓட்டினார். அங்கிருந்து பெல்லாரி வழியா நம்ம மெட்ராஸுக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட்.

1946இல் அந்த டாட்டா ஏர்லைன்ஸ்தான் 'ஏர் இந்தியா' ஆனது. 1948இல் அரசோடு கூட்டு சேர்ந்து வெளிநாட்டுச் சேவைக்குத் தனிக் கம்பெனி.

சிக்கல் உள்நாட்டில். போரில் மிஞ்சிய டகோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைக்க, அரசும் லைசென்ஸை அள்ளிக் கொடுத்தது. பத்து நோயாளி இருக்கிற ஊரில் பதினைந்து ஆஸ்பத்திரி திறந்த கதை. நஷ்டம்.

1953இல் நாட்டுடைமை. டெக்கான், பாரத், கலிங்கா, ஹிமாலயன் என எட்டு கம்பெனிகள் இந்தியன் ஏர்லைன்ஸுக்குள் போயின. எதிர்த்த ஜே.ஆர்.டி.யே வெளிநாட்டுப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். 1978இல் மொரார்ஜி அரசு அவரை நீக்கியது. அநியாயம்னுதான் சொல்வேன்.

2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியா மறுபடி டாட்டா கைக்கு வந்தது. பார்க்க அவர் இல்லை, 1993இலேயே போய்ட்டார்.