சுவர் யாருடையது? – பரங்குன்றமும் ஹனோவரும்

திருப்பரங்குன்றம் மலையின் தென்புறம் உமையாண்டார் கோயில் என்றொரு குடைவரை இருக்கிறது. வடபுறத்து முருகன் கோயிலுக்கு வருகிற கூட்டம் இந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. சமணக் குகையாக இருந்ததை 13ஆம் நூற்றாண்டில், மாறவர்மன் சுந்தர பாண்டியன் காலத்தில், சிவன் கோயிலாக மாற்றினார்கள். சுவரில் இன்று நிற்பது அர்த்தநாரி. ஆனால் தலைக்கு மேலே விரிந்திருக்கிற மரம், முன்பிருந்த தீர்த்தங்கரருக்கு நிழல் தந்த அசோக மரம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். உருவத்தைத் திருத்திய உளி மரத்தை விட்டுவிட்டது. பாறையில் வெட்டியதைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. அதன் மேலேயேதான் திருத்தி எழுத வேண்டும். எழுதினால் பழைய பிரதி எங்காவது எட்டிப் பார்க்கும்.

இடத்தோடு பிணைந்த கலையின் இந்தச் சிக்கல் நவீன மியூசியத்துக்குள் எப்படி வந்தது என்று பார்க்க எல் லிஸிட்ஸ்கியிடம் போக வேண்டும். நம்மில் பலருக்கு அவர் ஒரு போஸ்டர் மட்டுமே: வெள்ளை வட்டத்தைக் குத்திப் பிளக்கும் சிவப்பு முக்கோணம், 1919. அச்சுத்தாளில் எழுத்தையும் வடிவத்தையும் அடுக்கிய கிராபிக் டிசைனர். அதற்கு முன்பே, 1916 வாக்கில், யூதரான அவர் ரிபாக் என்ற ஓவியருடன் நீப்பர் ஆற்றங்கரை ஊர்களில் அலைந்து, மொகிலேவ் நகரின் மரத்தாலான யூத வழிபாட்டு இல்லத்துச் சுவரோவியங்களைப் படியெடுத்தார். அந்தக் கட்டடம் இன்று இல்லை.

ஹனோவர் மாகாண மியூசியத்தின் பொறுப்பிலிருந்த அலெக்சாண்டர் டோர்னர், அருவ ஓவியங்களுக்கென ஓர் அறையை வடிவமைக்க அவரை அழைத்தார். 1927-28இல் அறை உருவானது. சுவர் முழுக்க மெல்லிய தகடுகளைச் செங்குத்தாக வரிசையாகப் பதித்தார் லிஸிட்ஸ்கி. தகட்டின் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு, பின்சுவர் சாம்பல். நாம் நடந்தால் சுவரின் நிறம் மாறும். நின்றால் அதுவும் நின்றுவிடும். சில படங்களைப் பார்க்க நாமே பலகையைத் தள்ள வேண்டும். ஒன்று தெரிந்தால் இன்னொன்று மறையும். மியூசியம் என்றாலே கையைக் கட்டிக்கிட்டு, வாயை மூடிக்கிட்டு, 'தொடாதே' பலகைக்குப் பயந்து நடக்கிற இடம்தானே? இங்கே தொட்டால்தான் படம். சுவர் நடுநிலையானது, படத்தைத் தாங்குவதோடு அதன் வேலை முடிந்தது என்ற பாவனை அந்த அறையில் உடைந்தது.

1937இல் நாஜிகள் அதைப் பிரித்துப் போட்டார்கள். அங்கிருந்த ஓவியங்களில் சில 'சீரழிந்த கலை' கண்காட்சியில் கேலிப்பொருளாயின. படங்களைப் பறித்ததோடு விட்டிருக்கலாமே, சுவர் என்ன பாவம் செய்தது? பார்வையாளரை நகரச் சொல்கிற சுவர், அணிவகுத்து நிற்கச் சொல்கிற அதிகாரத்துக்கு ஆகாது என்றே இதை வாசிக்கிறேன்.

1968இல் அறையை மறுபடி கட்டினார்கள். பின்னர் அது அதே ஊரின் ஸ்ப்ரெங்கல் மியூசியத்துக்கு இடம் மாறியது. நகல் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் உடைப்பின் தழும்பு நகலில் இருக்காது. வேறு கட்டடத்தில், வேறு வெளிச்சத்தில், எதுவுமே நடக்காதது மாதிரி அது நிற்கும். அந்த விதத்தில் பரங்குன்றத்துப் பாறை அதைவிட நேர்மையானது. தன் மேல் நடந்த அத்துமீறலை அது மறைக்கவில்லை.

இதே மலையில் சமணப் படுக்கைகள் உண்டு. ஈழத்துக் குடும்பத்தலைவன் ஒருவனைச் சொல்லும் தமிழ்ப் பிராமி எழுத்து உண்டு. 8ஆம் நூற்றாண்டுக் குடைவரை உண்டு. உச்சியில் சிக்கந்தர் தர்கா உண்டு. 2025 பிப்ரவரியில் மலை யாருக்கு என்று கேட்டுப் போராட்டமும் தடையுத்தரவுமாக மதுரை கிடந்தது. இம்மலையை ஒற்றைப் பிரதியாக்க நினைப்பவர்கள் ஒருமுறை தென்புறம் போய், அந்த மரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு வரட்டும்.