துரைமாரின் பைப்பும் எங்கள் பையனின் தப்பும்



போன தவணை எங்கள் பாடசாலைக் கலைவிழாவில் தரம் 10 மாணவன் ஒருவன் தப்படித்தான். ஒத்திகை தொடங்கிய வாரம் அவன் தகப்பன் எங்களைத் தேடி வந்தவர். "வேற ஏதாச்சும் பழக்குங்க சேர். மேளம், கீபோர்ட் எதுன்னாலும் சரி. தப்பு மட்டும் வேணாம்." ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. தோட்டத்தில் பிறந்த எவருக்கும் அது தெரியும்.

அவரிடம் நாங்கள் சொன்னது ஒரு ஸ்கொத்லாந்துக் கதை.

பேக்பைப் தெரியும்தானே? தோல்பையைக் கமக்கட்டில் இடுக்கி, ஊதி நிரப்பி வாசிப்பார்கள். 1746இல் அங்கே கிளர்ச்சி தோற்றபின், ஜேம்ஸ் ரீட் என்ற பைப் வாத்தியக்காரரை யோர்க் நகரில் தூக்கிலிட்டார்கள். தன் கையில் ஆயுதமே இருக்கவில்லை என்றுதான் அவர் தரப்பு வாதாடியது. பைப் இல்லாமல் மலைநாட்டுப் படை நடப்பதில்லை, ஆகவே பைப்பும் போர்க்கருவிதான் என்றது நீதிமன்றம். அதே வாத்தியத்தைப் பிறகு பிரித்தானியப் படையே முன்னால் விட்டுக்கொண்டு உலகமெல்லாம் போனது. இன்று அங்கே பிள்ளை பைப் பழகினால் பெற்றாருக்குப் பெருமை. (அந்தப் பைப்புகளில் ஏராளமானவை பாகிஸ்தானின் சியால்கோட்டில் செய்யப்படுபவை என்பது வேறு கதை.)

அந்த நாட்டவர்தான் நம் மலைகளுக்கும் வந்தார்கள். 1867இல் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொத்லாந்துக்காரர். 1890இல் அப்புத்தளைப் பக்கம் டம்பத்தென்ன தோட்டத்தை வாங்கிய லிப்டன் கிளாஸ்கோவில் பிறந்தவர். பதுளையில் கிளென் அல்பின் தோட்டம் என்கிறோமே, அந்தக் 'கிளென்' அவர்கள் மொழியில் பள்ளத்தாக்கு.

அந்தத் துரைமாரின் தோட்டங்களில் விடியுமுன் லயங்களை எழுப்பியது தப்பு. பெரட்டுக்கு ஆள் கூட்டியதும் அதுதான். திருவிழாவுக்கு ஓர் அடி, காமன் கூத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. அடியைக் கேட்டே சனம் சங்கதி அறியும். இத்தனை வேலை செய்த கருவியைச் சாவுக்கு மட்டும் உரியதாக்கி, அடித்தவர்களைச் சாதி சொல்லி ஒதுக்கியது துரை அல்ல, நாம்தான். எங்கள் முஸ்லிம் வீடுகளிலும் அந்தப் பேச்சு புழங்கியது. மறைக்க என்ன இருக்கிறது?

தகப்பன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார்.

விழாவன்று காலையிலிருந்தே தூறல். மேடைக்குப் பின்னால் பையன் தட்டிப் பார்த்தான். தோல் ஈரத்தில் தொய்ந்து 'தொப்' என்றது. கடைசி வரிசையில் இருந்த தகப்பனுக்கு அது கேட்டிருக்க வேண்டும், எழுந்து வந்தார். பழைய கடதாசியைக் கொளுத்தி, தப்பைச் சுற்றிச் சுற்றிக் காய்ச்சி, விரலால் சுண்டிப் பார்த்து மகன் கையில் கொடுத்தார்.

"எங்கப்பா பெரட்டுக்கு அடிச்சவரு சேர்."

பிறகு கடைசி வரிசைக்குப் போகவில்லை. முன்னால் போய் நின்று, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.