வெள்ளம் எத்தனை மணிக்கு வரும்? ஆற்றைக் கணனிக்குள் கொண்டுவந்த கதை

2018 டிசம்பரில் பெருமழையும் இரணைமடு வான்கதவுகள் திறந்ததும் சேர்ந்து கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்க ஊர்கள் பல வெள்ளத்துக்குள் போனது ஞாபகமிருக்கும். யார் திறந்தது, ஏன் பிந்தியது எண்ட சண்டை கனகாலம் நடந்தது. அந்தச் சண்டைக்கு அடியில் இன்னொரு கேள்வி கிடந்தது. இந்த நேரத்தில் இவ்வளவு திறந்தால், கனகராயன் ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் இருக்கிற ஒரு வீட்டு வாசலுக்குத் தண்ணி எத்தனை மணிக்கு வரும், எத்தனை அடி ஏறும்? இது கணக்கால் பதில் சொல்லக்கூடிய கேள்வி. அந்தக் கணக்கை மனிதர்கள் போடப் பழகிய வரலாறுதான் இந்தக் கட்டுரை. பெரும்பகுதி அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்தது.

சமன்பாடுகள் பழசு. 1871இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் பாரே டி சாங்-வெனாங் இரண்டு சமன்பாடுகளை வெளியிட்டார். ஒன்று, ஓர் ஆற்றுத் துண்டுக்குள் வந்த தண்ணிக்கும் வெளியேறிய தண்ணிக்கும் உள்ள வித்தியாசம் அந்தத் துண்டின் மட்டத்தை ஏற்றும் அல்லது இறக்கும். மற்றது, தண்ணியைச் சரிவு தள்ளுகிறது, அடியும் கரையும் உரசித் தடுக்கின்றன, மிச்சம் வேகமாக மாறுகிறது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் நெளிந்து, அகன்று, ஒடுங்கி ஓடுகிற உண்மையான ஆறு ஒன்றுக்கு இந்த இரண்டையும் கையால் தீர்க்க முடியாது. எண்பது வருசமாக அவை பெரும்பாலும் புத்தகத்துக்குள்ளேயே கிடந்தன.

அதற்கிடையில் அமெரிக்க இராணுவப் பொறியியல் படையணி வேறு வழி பார்த்தது: ஆற்றையே சின்னதாகக் கட்டுவது. மிசிசிப்பி மாநிலத்தின் கிளின்டன் நகருக்குப் பக்கத்தில், 200 ஏக்கர் நிலத்தில், முழு மிசிசிப்பி வடிநிலத்தையும் கொங்கிறீட்டில் செதுக்கத் தொடங்கினார்கள். 1943இல் ஆரம்ப வேலையைச் செய்தவர்கள் வட ஆபிரிக்காவில் பிடிபட்ட ஜெர்மன் போர்க்கைதிகள். கிடையாக 2000க்கு 1, நிலைக்குத்தாக 100க்கு 1 என்பது அளவுத்திட்டம். ஏன் இரண்டு அளவு? ஒரு கிலோமீற்றர் அகல ஆறு 2000க்கு 1இல் அரை மீற்றராகும், சரி. ஆனால் பத்து மீற்றர் ஆழம் அதே அளவில் 5 மில்லிமீற்றர்தான். அது ஆறில்லை, ஈரத்தரை. அதனால் ஆழத்தைப் பெருப்பித்தார்கள். காடு உள்ள இடங்களில் தண்ணியைத் தடுக்க மடித்த கம்பிவலையை நட்டார்கள். ஆற்றின் ஒரு நாள் மொடலில் சில நிமிடங்களில் ஓடி முடிந்தது. 1952 ஏப்ரலில் மிசூரி ஆறு பெருகியபோது, ஒமாகா நகரப் பக்கம் எந்த அணைக்கரையை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று அறிய இந்த மொடலைத்தான் ஓட்டினார்கள். விளையாட்டுச் சாமான் இல்லை அது. எனக்கு இந்தக் கதை முழுவதிலும் மிகப் பிடித்த பொருள் அந்தக் கம்பிவலைதான். ஏனென்று பிறகு சொல்கிறேன்.

மொடல் முழுதாகக் கட்டி முடிந்தது 1966இல். அதற்குள் அதன் எதிராளி வந்துவிட்டது. நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் ஐசாக்சன், ஸ்ரோக்கர், ட்ரோஷ் என்ற மூன்று கணிதவியலாளர்கள் 1953 முதல் 1956 வரை சாங்-வெனாங் சமன்பாடுகளை யூனிவாக் கணனியில் ஏற்றினார்கள். ஆற்றைத் துண்டு துண்டாகவும் நேரத்தைப் படி படியாகவும் வெட்டி, ஒவ்வொரு புள்ளியிலும் மட்டத்தையும் வேகத்தையும் எண்ணாகக் கணிக்கிற முறை. வருங்காலத்தைச் சொல்ல அவர்கள் அவசரப்படவில்லை. நடந்து முடிந்த வெள்ளங்களையே திரும்ப ஓட்டினார்கள்: ஒஹாயோ ஆற்றின் 1945, 1948 வெள்ளங்கள், ஒஹாயோவும் மிசிசிப்பியும் சேரும் சந்தியின் 1947 வெள்ளம். பதில் ஏற்கெனவே தெரிந்த கேள்வியைக் கொடுத்து மொடலைச் சோதிக்கிற இந்தப் பழக்கம்தான் இன்றைக்கும் இந்தத் தொழிலின் முதுகெலும்பு.

அவர்களுக்கு ஒரு விலங்கு இருந்தது. 1928இல் கூரான்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி என்ற மூவர் ஜெர்மனியில் எழுதிய தூய கணிதக் கட்டுரை ஒன்று சொன்ன நிபந்தனை அது. ஒரு காலப் படிக்குள் அலை ஒரு துண்டைத் தாண்டிப் போய்விடக்கூடாது, போனால் கணக்கு வெடித்துச் சிதறும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 9 மீற்றர் ஆழ ஆற்றில் அலை செக்கனுக்குச் சுமார் 9.4 மீற்றர் போகும். ஆற்றின் சொந்த வேகம் 1.6 என்றால் மொத்தம் 11. துண்டு ஒன்று 10 கிலோமீற்றர் என்றால் காலப் படி 15 நிமிசத்தைத் தாண்டக்கூடாது. ஒரு கிலோமீற்றர் என்றால் ஒன்றரை நிமிசம். ஒரு மாத வெள்ளத்தை ஒன்றரை நிமிசப் படியில் ஓட்ட அன்றைய கணனிக்கு எங்கே பலம்?

விலங்கை உடைத்தது பிரான்சின் கிரனோபிள் நகரம். அங்குள்ள சோக்ரியா நிறுவனத்தில் வேலை செய்த அலெக்சாண்டர் ப்ரைஸ்மான் 1961இல் வேறொரு முறையைக் கொடுத்தார். புள்ளி புள்ளியாக முன்னுக்குப் போகாமல், அடுத்த நேரத்துக்குரிய எல்லாப் புள்ளிகளையும் ஒரே தடவையில் சேர்த்துத் தீர்ப்பது. அப்போது காலப் படியை மணிக்கணக்கில் நீட்டலாம், கணக்கு வெடிக்காது. அதற்குள் 0.5க்கும் 1க்கும் இடையில் ஒரு நிறை எண் இருக்கிறது. 0.5க்குக் கிட்டப் போனால் துல்லியம் கூடும், ஆனால் மட்டம் துள்ளத் தொடங்கும். 1க்குப் போனால் மொடல் கல்லுப்போல நிற்கும், ஆனால் வெள்ளத்தின் உச்சியைக் கொஞ்சம் மழுங்கடித்துவிடும். இன்றைக்குப் பலர் பாவிக்கிற ஹெக்-ராஸ் மென்பொருளில் இந்த எண் 1 ஆகவே வைக்கப்பட்டிருக்கிறது. ஓட வைத்தபிறகு 0.6 பக்கம் இறக்கிப் பார்க்கச் சொல்லி அதன் கையேடே சொல்கிறது. இறக்காமல் விடுகிறவர்கள் கனபேர். மழுங்கிய உச்சி வரைபடத்தில் அழகாகத்தான் இருக்கும். அந்தச் சில அங்குலத்தில் ஒரு வீட்டுத் திண்ணை இருக்கலாம் என்பது வரைபடத்தில் தெரியாது.

புதிய முறைக்குப் பெரிய சோதனை ஆசியாவில் வந்தது. 1960களில் யுனெஸ்கோவுக்காக சோக்ரியா மெக்கோங் டெல்டாவை மொடல் செய்தது. ப்ரைஸ்மானோடு ஜோன் குஞ்ச் என்ற பொறியியலாளரும் அந்த வேலையில் இருந்தார். மெக்கோங் ஓர் ஒழுங்கான ஆறு இல்லை. மழைக்காலத்தில் தொன்லே சாப் ஆறு திசைமாறிப் பின்னுக்கு ஓடிப் பெருங்குளத்தை நிரப்பும், கோடையில் திரும்ப வடியும். வெள்ளம் கரை ஏறினால் வயலெல்லாம் தண்ணி. அதனால் வயல்வெளியை அறை அறையாகப் பிரித்து, இடையில் இருக்கிற ரோட்டு, வரம்பு, வாய்க்கால் ஒவ்வொன்றையும் தண்ணி தாண்டும் அணையாகக் கணக்கில் எழுதினார்கள். எங்கட வன்னி நிலத்தை நினைத்துப் பார்த்தால் இது உடனே விளங்கும். ஆறு என்பது கோடு இல்லை. ரோட்டை ஒரு அடி உயர்த்திப் போட்டால் வெள்ளத்தின் வழியே மாறும்.

இதே குஞ்ச், ஹோலி, வேர்வேய் மூவரும் 1980இல் கணனி ஆற்று நீரியக்கவியலின் நடைமுறைப் பக்கங்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். நிலத்தரவு, அளவுதிருத்தம் போன்ற விசயங்களையும் அது சமன்பாடுகளோடு சேர்த்துப் பேசுகிறது. அமெரிக்காவில் ஐக்கெர்ட் எழுதிய ஹெக்-2 நிரல் 1968இல் வெளிவந்தது. அளவை செய்த தரைமட்டங்களை அட்டைகளில் துளையிட்டுக் கொடுக்க வேண்டும், ஓர் அட்டையில் ஐந்து புள்ளி. 1995இல் அதன் வாரிசாக ஹெக்-ராஸ் வந்தது, இலவசமாக. இன்றைக்கு ஒரு மாணவர் தன் மடிக்கணனியில் அதை இறக்கி ஒரு பின்னேரத்துக்குள் ஓர் ஆற்றை ஓட்டலாம்.

இனி அந்தக் கம்பிவலைக்கு வருவோம். கொங்கிறீட்டில் வலையாக இருந்தது கணனிக்குள் ஓர் எண்ணாகிவிட்டது: மானிங் எண். ரொபேட் மானிங் அயர்லாந்துப் பொதுவேலைத் திணைக்களத்தில் முதலில் கணக்காளராகச் சேர்ந்தவர், பொறியியலை முறையாகப் படிக்காதவர். 1889இல், 73 வயதில், அந்தச் சூத்திரத்தை வாசித்தார். அதன் குறைகளை அவரே சொன்னார், உலகம் கேட்கவில்லை. வழுவழுப்பான கொங்கிறீட் வாய்க்காலுக்கு இந்த எண் சுமார் 0.013, துப்புரவான இயற்கை ஆற்றுக்கு 0.03, அடர் பற்றை வளர்ந்த கரைவெளிக்கு 0.1 மட்டில். சிறிய எண்கள்தான். ஆனால் அகன்ற ஆறொன்றில் அதே தண்ணி ஓட, இந்த எண்ணை இரட்டிப்பாக்கினால் ஆழம் ஒன்றரை மடங்காகும். நாலு மீற்றர் ஆறு மீற்றராகும்.

இந்த எண்ணை ஆற்றில் நேரே அளக்க முடியாது. பழைய வெள்ளம் ஒன்று எந்த மட்டத்துக்கு ஏறியது என்று பார்த்து, மொடல் அதே மட்டத்தைக் காட்டும்வரை எண்ணைத் திருகுவார்கள். ஆபத்தும் இங்கேதான். குறுக்குவெட்டு பிழையாக அளக்கப்பட்டிருக்கலாம், ஒரு பாலம் விடுபட்டிருக்கலாம். மானிங் எண்ணை மட்டும் திருகினாலும் மொடல் அந்த ஒரு வெள்ளத்துக்குப் பொருந்திவிடும். அடுத்த வெள்ளத்தில் பொய் சொல்லும். மணல் ஆறு ஒன்றுக்கு 0.09 போட்டால்தான் கணக்குப் பொருந்துகிறது என்றால், ஆற்றைச் சந்தேகப்பட வேண்டாம், அளவையைச் சந்தேகப்படுங்கள். ஒரு வெள்ளத்துக்குத் திருத்தி, இன்னொரு வெள்ளத்தில் எண்ணைத் தொடாமல் சோதித்துப் பார்த்தால்தான் மொடலை நம்பலாம்.

அதற்கு இரண்டு வெள்ளத்தின் அடையாளங்கள் வேண்டும். அளவுகோல் உள்ள இடங்களில் எழுதி வைத்திருப்பார்கள். இடைப்பட்ட ஊர்களுக்குச் சுவரில் படிந்த சேற்றுக்கோடுதான் பதிவேடு, அதையும் அடுத்த வருசம் வெள்ளையடித்துவிடுவோம். பொறியியல் படிக்காதவர்களும் செய்யக்கூடிய வேலை இது. வெள்ளம் வடிந்த கையோடு கோட்டுக்குப் பக்கத்தில் ஓர் அளவுநாடாவைப் பிடித்துப் படமெடுங்கள். வீட்டு நிலத்திலிருந்து எத்தனை சென்ரிமீற்றர், எந்தச் சுவர், ஆற்றைப் பார்த்த பக்கமா மறுபக்கமா, தொலைபேசி காட்டும் இட ஆள்கூறு, எல்லாவற்றையும் குறியுங்கள். வீட்டு அம்மாவிடம் தண்ணி கூட நின்றது எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள். மட்டம் எல்லாரும் சொல்வார்கள். உச்சத்தின் நேரம் தெரிந்தால்தான் அலை எவ்வளவு வேகமாக வந்தது என்பது பிடிபடும்.