கலந்ததைப் பிரித்தல்

ரீமிக்ஸ் என்றதும் பழைய பாட்டுக்குப் புதுத் தாளம் பூட்டும் வேலை என்றே நாம் எண்ணிவிடுகிறோம். பீட்டில்ஸ் குழுவின் 'ரிவால்வர்' (1966) இசைத்தட்டின் மறுகலவை அத்தகையது அன்று.

அந்நாளில் லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவை நான்கு தட நாடாக் கருவிகளே. தடங்கள் நிரம்பினால் அவற்றைக் கலந்து இன்னொரு நாடாவின் ஓரிரு தடங்களுக்குள் ஒடுக்கினர். 'சார்ஜண்ட் பெப்பர்' (1967) பாடல்களுக்கு ஒடுக்குமுன் பதிந்த நாடாக்கள் எஞ்சியிருந்தன. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் 2017இல் அவற்றைக் கொண்டே மறுகலவை செய்தார். ஆனால் 'ரிவால்வ'ரின் 'டாக்ஸ்மேன்' பாடலில் டிரம்ஸ், பாஸ், கிதார் மூன்றும் தொடக்கத்திலேயே ஒரே தடத்தில் பதிவானவை. பிரித்த நாடா என்று ஒன்று இருந்ததே இல்லை.

'கெட் பேக்' (2021) ஆவணத் தொடருக்காகப் பீட்டர் ஜாக்சன் குழுவினர் உருவாக்கிய மென்பொருள் இதற்கு வழி திறந்தது. வாத்தியங்களின் ஒலியியல்பைக் கற்று, கலவையிலிருந்து ஒவ்வொன்றையும் தனியே எடுத்தது. 2022இல் புதிய 'ரிவால்வர்' வெளிவந்தது. 1995இல் முயன்று கைவிட்ட 'நவ் அண்ட் தென்' பாடலும், லெனன் வீட்டில் பதிந்துவைத்த கேசட்டின் பியானோ ஒலியிலிருந்து குரல் பிரிக்கப்பட்டு 2023இல் நிறைவெய்தியது.

பிரிக்க முடிகிறது என்பதற்காகவே பிரிக்கலாமா? இன்ன ஒலி முன்னே, இன்னது பின்னே என்று நாடாவில் பூட்டியதும் ஒரு கலைத் தீர்ப்பு அல்லவா? 2022இன் பெருந்தொகுப்பில் பழைய மோனோ கலவையும் இடம்பெற்றது. மூலத்தை அழிக்காமல் பாடபேதத்தை அருகில் வைக்கும் பதிப்பாசிரியரின் நேர்மை அது. அந்த நேர்மை உள்ளவரை மறுகலவையை நாம் அஞ்ச வேண்டியதில்லை.