சும்மா நிற்கும் கணினிக்கு வாடகை

2006 ஆகஸ்டில் அமேசான் தன் ஈசி2 சேவையைச் சோதனை முறையில் திறந்தபோது வாடகை மணிக்கு 10 சென்ட். கிடைப்பது ஒரு மெய்நிகர் கணினி, அதாவது பெரிய சர்வர் ஒன்றுக்குள் மென்பொருளால் பிரித்துக் கொடுக்கப்படும் கணினி. சர்வருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு, சில நிமிடங்களில் அது கைக்கு வந்தது பெரிய அதிசயம். ஆனால் மனித மனம் இருக்கிறதே... கொஞ்ச நாளில் அந்தச் சில நிமிடங்களே நீளமாகத் தெரிய ஆரம்பித்தன.

காரணம் இல்லாமல் இல்லை. 2009-ல் வந்த ஆட்டோ ஸ்கேலிங், கூட்டம் கூடியதும் புதுக் கணினியைத் தானே கிளப்பும். அது இயங்குதளத்தை ஏற்றி, மென்பொருட்களை நிறுவி, நிரலைத் தொடங்குவதற்குள் பழைய கணினிகளுக்கு மூச்சுத் திணறிவிடும்.

இதற்கு மருந்து பழையது தான். 1990-களிலேயே அப்பாச்சி வெப் சர்வர், ஆள் வருவதற்கு முன்பே சில புராசஸ்களைத் தொடங்கி உட்கார வைத்திருந்தது. டீக்கடை பாய்லர் மாதிரி! ஆனால் முழுக் கணினியை அப்படி நிறுத்தி வைத்தால் மீட்டர் ஓடுமே? அதே 2009-ல் டொரான்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்னோஃப்ளாக் ஆய்வு வேறு வழி காட்டியது: ஓடிக்கொண்டிருக்கும் கணினியையே ஒரு வினாடிக்குள் நகல் எடுப்பது. நினைவகம் முழுவதையும் உடனே நகலெடுக்காமல், கேட்கக் கேட்கக் கொண்டு வந்து தருவது தான் சூட்சுமம்.

2014-ல் லாம்டா வந்தது. ஓடிய நேரத்துக்கு மட்டும் காசு என்பது தான் அதன் கவர்ச்சியே. ஆனால் கொஞ்ச நேரம் யாரும் கூப்பிடாவிட்டால் அடுத்த அழைப்பு தாமதமாகும். அதனால் நிரலாளர்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தங்கள் நிரலைத் தாங்களே சும்மா கூப்பிட்டு விழித்திருக்க வைத்தார்கள். (வேடிக்கை தான்.) 2018-ல் வெளியான ஃபயர்கிராக்கர் 125 மில்லி வினாடியில் குட்டிக் கணினியைக் கிளப்பியது, இருந்தும் அதற்குள் நிரல் தயாராகும் நேரம் குறையவில்லை. கடைசியில் 2019 டிசம்பரில் அமேசானே, தயாராகக் காத்திருப்பதற்கும் கட்டணம் வசூலிக்கும் வசதியைக் கொண்டு வந்தது. பழைய கவர்ச்சி அங்கே கொஞ்சம் அடிபட்டது.

ஈசி2-வுக்கு 2021 ஏப்ரலில் வந்த வார்ம் பூல் இதில் நடுவழி. எல்லாவற்றையும் நிறுவி முடித்த கணினியை நிறுத்தி வைப்பார்கள். அப்போது கணினிக்கு வாடகை கிடையாது, வட்டு போன்றவற்றுக்கு மட்டும் உண்டு. எழுப்பும் நேரத்தைக் கூடப் பொறுக்க முடியாதவர்கள் ஓடும் நிலையிலேயே வைத்துக் கொள்ளலாம், முழு வாடகை கட்டி.